துப்பாக்கியைக் கீழே வைக்க ஒரு சொல்

பிம்ப்ரி ரயில் நிலைய வாசலில் தாள்களைத் தரையில் விரித்து விற்பவரிடம் தினமும் ஒரு மராத்திப் பத்திரிகை வாங்குவது என் வழக்கம். இங்கே வந்து இருபது ஆண்டாகியும் மராத்தியை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. அதுவும் விட்டுப்போய்விடக் கூடாதே என்றுதான். 2025 அக்டோபர் 16 காலையில் எழுத்துக் கூட்டிய சொல், ‘ஆத்மசமர்ப்பண்’. மாவோயிஸ்ட் தலைவர் பூபதி என்கிற மல்லோஜுலா வேணுகோபால் ராவ், அறுபது பேரோடு காட்டை விட்டு வந்து, முந்தின நாள் கட்சிரோலியில் மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர பட்னவிஸ் முன்னால் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். நாற்பது ஆண்டுக்கு மேல் இயக்கத்தில் இருந்தவர். அண்ணன் கிஷன்ஜி 2011 நவம்பரில் மேற்கு வங்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

சரணடைவதற்கு மராத்தியில் அதுதான் சொல். நம் காதில் விழும்போது அதில் கோயில் வாசனை அடிக்கிறது. நம்முடைய ‘சரண்’ மட்டும் என்ன? சரணாகதிக்கு மேல் ஒரு நிலை இல்லை என்பது வைணவம். ஐயப்பனுக்குச் சரணம் விளிக்கும் அதே வாய்தான், ‘ஸ்டேஷன்ல போய் சரண்டர் ஆயிட்டான்’ என்று இளக்காரமாகவும் சொல்கிறது. சாமியிடம் போனால் பேறு, சர்க்காரிடம் போனால் அவமானம். ஆயுதம் எடுத்தவன் அதைக் கீழே வைக்கத் தயாரான பிறகும், அந்தச் செயலுக்கு என்ன பெயர் என்ற இடத்தில் தடுக்கி விழுந்த சமாதானங்கள் உண்டு. அயர்லாந்தில் அந்தப் பெயருக்காக ஏழு ஆண்டு இழுத்தடித்தார்கள். இழுத்தது வீண்போகவில்லை என்பது என் கட்சி.

அயர்லாந்துக்குப் போகும் முன் ஒரு நிறுத்தம். பிம்ப்ரியை அடுத்த ஸ்டேஷன் சிஞ்ச்வட். அங்கே சாபேகர் சௌக் என்றால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு வழி கேட்க மாட்டார். தாமோதர், பாலகிருஷ்ணா, வாசுதேவ் என்ற மூன்று சகோதரர்களுக்கு அங்கே சிலைகள் இருக்கின்றன. கீர்த்தனம் பாடிக் கதை சொல்லிப் பிழைத்தவரின் பிள்ளைகள்.

1897 தொடக்கத்தில் புணேயைப் பிளேக் பிடித்தது. அதை அடக்க அனுப்பப்பட்ட அதிகாரி டபிள்யூ.சி. ராண்ட், வெள்ளைச் சிப்பாய்களை வீடுவீடாக அனுப்பினார். பூட்ஸ் காலோடு பூஜை அறைக்குள் நுழைந்தார்கள்; பெண்களை வெளியே நிறுத்திச் சோதித்தார்கள்; தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். நோயைவிட வைத்தியம் கொடுமை என்று ஊர் பேசியது. அந்த ஆண்டு ஜூன் 22 அன்று, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்து முடிந்து கணேஷ்கிண்ட் சாலையில் திரும்பிய ராண்டின் வண்டிமேல் சாபேகர் சகோதரர்கள் பாய்ந்தார்கள். பின்னால் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3 அன்று. தாமோதர் 1898 ஏப்ரல் 18 அன்று தூக்கிலிடப்பட்டார்.

(இடையில் ஒன்று. நான் குடியிருக்கும் பிம்ப்ரியில்தான் 1954இல் ஹிந்துஸ்தான் ஆன்ட்டிபயாடிக்ஸ் தொடங்கப்பட்டது. பின்னாளில் அங்கே தயாரான ஸ்ட்ரெப்டோமைசின், பிளேக்கைக் குணப்படுத்தும் மருந்து. கொலைக்குக் காரணமான நோய்க்கு மருந்து, கொன்றவர்கள் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே. எப்போது அந்த மதிலைக் கடந்தாலும் இந்த நினைப்பு வராமல் போவதில்லை.)

கதையில் சிலை வைக்கப்படாத இருவர் உண்டு. துப்புக் கொடுத்தவர்க்கு இருபதாயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. தாமோதரைக் காட்டிக்கொடுத்தவர்கள் கணேஷ் சங்கர் திராவிட், ராமச்சந்திர திராவிட் என்ற சகோதரர்கள். தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பங்களுக்கு இங்கே அப்படிப் பெயர் வழங்கும். 1899 பிப்ரவரி 8 அன்று வாசுதேவும் நண்பர் மகாதேவ் ரானடேயும் அவர்களைச் சுட்டார்கள். மே மாதத்தில் ஐந்து நாட்களுக்குள் வாசுதேவ், ரானடே, பாலகிருஷ்ணா மூவரும் தூக்கில். ஒரு வீட்டின் மூன்று பிள்ளைகளும் முடிந்தார்கள்.

இதே கதையை டப்ளினில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒத்திகை பார்த்தாயிற்று. 1882 மே 6 அன்று ஃபீனிக்ஸ் பூங்காவில் அயர்லாந்துக்கான புதிய தலைமைச் செயலர் கேவண்டிஷ் பிரபுவையும் அதிகாரி பர்க்கையும் ‘இன்வின்சிபிள்ஸ்’ என்ற ரகசியக் குழுவினர் கத்தியால் குத்திக் கொன்றார்கள். கூட்டாளி ஜேம்ஸ் கேரி அப்ரூவர் ஆனார். ஐந்து பேர் தூக்கில் தொங்கினார்கள். கேரியை வேறு பெயரில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றியது அரசு. கப்பலிலேயே சுட்டுக் கொன்றார் பேட்ரிக் ஓ’டானல். அவரும் தூக்கு. அதிகாரி, கொன்றவன், காட்டிக்கொடுத்தவன், அவனைக் கொன்றவன் என்று நான்கு கண்ணி. இரண்டு ஊரிலும் சங்கிலி ஒன்றுதான்.

நமக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ், ஐரிஷ்காரர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். சாம்ராஜ்யத்தை எதிர்த்தவர்களிலும் ஐரிஷ்காரர் உண்டு, அதற்கு ஏவல் செய்தவர்களிலும் உண்டு. இந்தியப் புரட்சியாளர்களுக்கு எதிர்த்த அயர்லாந்து மட்டுமே கண்ணில் பட்டது. 1930இல் சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கிய சூர்யா சென்னின் குழு, ‘இந்தியக் குடியரசுப் படை’ என்று பெயர் வைத்துக்கொண்டது. 1916 டப்ளின் ஈஸ்டர் எழுச்சியை நினைத்துப் பெரிய வெள்ளியைத் தேர்ந்தெடுத்தது. அயர்லாந்திலிருந்து துப்பாக்கி எடுக்கக் கற்றுக்கொண்டோம். கீழே வைப்பதையும் அங்கே கற்றுக்கொள்ளலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர்களே அப்போது அதைக் கற்றிருக்கவில்லை என்பதும் உண்மை.

1921 டிசம்பரில் லண்டனில் ஒப்பந்தம் போட்ட மைக்கேல் காலின்ஸை அடுத்த ஆகஸ்டில் சுட்டது பிரிட்டிஷ் சிப்பாய் அல்ல; ஒப்பந்தத்தை ஏற்காத பழைய தோழர்கள். தீவின் வடகிழக்கில் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனிடமே நின்றுவிட்டதும், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்ததும் அவர்கள் கோபம். அதனால் மூண்ட உள்நாட்டுப் போரில் அவர்கள் தோற்றபின் 1923 மே 24 அன்று அவர்களுடைய படைத் தளபதி ஃபிராங்க் எய்க்கன் ஒரு கட்டளை போட்டார். ‘சரணடையுங்கள்’ என்று அதில் இல்லை. ஆயுதங்களைப் பதுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்பதே அதன் சாரம். தோற்றவர்களுக்குக் குனியாமல் வீடு திரும்ப ஒரு சொல் கிடைத்தது. ஒன்பது ஆண்டு கழித்து அவர்கள் தரப்பின் டி வலேரா தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார், எய்க்கன் அமைச்சரானார். ஆனால் பதுக்கிய துப்பாக்கி பதுக்கியபடியே இருக்குமா? வடக்கில் கத்தோலிக்கர்களுக்கு வேலையிலும் வீட்டிலும் வாக்கிலும் காட்டப்பட்ட பாரபட்சம் கலவரமாக வெடித்த 1969இல், டிசம்பரில், ‘புரொவிஷனல்’ ஐரிஷ் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) பிறந்தது.

அடுத்த முப்பது ஆண்டில் ஏறக்குறைய 3,500 பேர் செத்தார்கள். பாதிப் பேரைக் கொன்றது ஐ.ஆர்.ஏ. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் பாராசூட் படை சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் ஒரே மதியத்தில் பெல்ஃபாஸ்டில் இருபதுக்கும் குறையாத குண்டுகளை வெடித்தது ஐ.ஆர்.ஏ. 1981இல் சிறையில் ஐ.ஆர்.ஏ. கைதி பாபி சாண்ட்ஸ் 66 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்தார். அவர் பின்னால் இன்னும் ஒன்பது பேர். காட்டிக்கொடுத்தவர்கள் என்று சந்தேகப்பட்டோரை ஐ.ஆர்.ஏ. கடத்திக் கொன்று சாலையோரத்தில் போட்டது. உளவாளிகளை வேட்டையாடிய அந்தப் பிரிவுக்குள்ளேயே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆள் இருந்தார். ‘ஸ்டேக்நைஃப்’ என்பது சங்கேதப் பெயர். அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கலாம் என்று 2024இல் விசாரணை அறிக்கை சொன்னது. திராவிட் சகோதரர்களுக்கு அரசு கொடுத்தது வெறும் பணம். அந்த வகையில் 1899 கொஞ்சம் நேர்மையான காலம்.

சமாதானம் எங்கிருந்து வந்தது? மேடையிலிருந்து அல்ல. டெரியில் மீனும் உருளை வறுவலும் விற்கும் கடை நடத்திய பிரெண்டன் டடி என்ற வியாபாரி, ஐ.ஆர்.ஏ.வுக்கும் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கும் இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டு தூது போனார். ‘பயங்கரவாதிகளோடு பேச மாட்டோம்’ என்று நாடாளுமன்றத்தில் முழங்கிய அரசுகளின் காலத்திலும் அந்தக் கொல்லைப்புறக் கதவு முழுதாகத் தாழிடப்படவில்லை. துப்பாக்கியை எப்போதும் எதிர்த்த கத்தோலிக்கத் தலைவர் ஜான் ஹ்யூம், 1988இல் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸோடு பேச உட்கார்ந்தார். ஆதரவாளர்களே அவரைத் திட்டினார்கள். 1994 ஆகஸ்ட் 31 அன்று போர்நிறுத்தம் வந்தது.

வந்தது ஒன்றரை ஆண்டில் முறிந்தது. ஆயுதத்தைக் கொடுக்கத் தொடங்கினால்தான் பேச்சு என்று பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரின் அரசு நின்றது. அது சரணாகதி என்று ஐ.ஆர்.ஏ. பிடிவாதம் பிடித்தது. 1996 பிப்ரவரி 9 அன்று லண்டன் துறைமுகப் பகுதியில் வெடித்த லாரிக் குண்டில் இருவர் செத்தார்கள். அடுத்த பிரதமர் டோனி பிளேர் வந்து, ஆயுத விவகாரத்தைக் கதவுக்கு முன்னாலிருந்து எடுத்துக் கூடத்துக்குள் வைத்தார். பேச்சு நடக்கட்டும், ஆயுதம் அதன் போக்கில் வரட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். 1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று ஒப்பந்தம். மே மாதப் பொதுவாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் ஆதரவு. கைதிகள் இரண்டாண்டுக்குள் விடுவிக்கப்பட்டார்கள். கத்தோலிக்கர்கள் நம்பாத போலீஸ் படை கலைத்து அமைக்கப்பட்டு, புதிதாக ஆளெடுப்பதில் பாதி இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. டெரி துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் புது விசாரணை தொடங்கியது. 2010இல் பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அரசும் தன் பங்குக்குச் சிலவற்றைக் கீழே வைத்தது. இதை மறந்துவிட்டு ஐரிஷ் சமாதானத்தைப் புகழ்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

ஆயுதம்? 2000 மே மாதம் ஐ.ஆர்.ஏ. ஒரு சொற்றொடரைக் கண்டுபிடித்தது. ஒப்படைக்க மாட்டோம், ‘பயன்பாட்டுக்கு அப்பால்’ வைப்போம். யாரிடமும் கொடுக்காமல், யாரும் எடுக்க முடியாமல், சாட்சிகளின் முன்னால். புராட்டஸ்டன்ட் தலைவர் இயன் பெய்ஸ்லி புகைப்படம் கேட்டார். தவறு செய்தவர்கள் ஊரறியத் தலைகுனிய வேண்டும் என்று 2004இல் மேடையில் பேசினார். அந்தப் படத்தாலேயே அந்த டிசம்பரில் ஓர் உடன்பாடு கைநழுவியது. கடைசியில் படமில்லாமலே நடந்தது. 2005 செப்டம்பர் 26 அன்று கனடா நாட்டு ஜெனரல் ஜான் டி சேஸ்டலெய்ன், ஆயுதங்கள் அனைத்தும் ஒழிந்தன என்று அறிவித்தார். பக்கத்தில் சாட்சிகளாக ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு மெதடிஸ்ட் பாதிரியார். இன்றுவரை அந்தக் காட்சியை ஒரு படத்திலும் யாரும் பார்த்ததில்லை. இருபது மாதம் கழித்து, படம் கேட்ட பெய்ஸ்லி முதலமைச்சராகவும் முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் ஒரே அரசில் உட்கார்ந்தார்கள். இருவரும் சேர்ந்து சிரித்த படங்கள்தான் கணக்கில்லாமல் வந்தன.

செப்டம்பர் 26 என்றால் தமிழருக்கு வேறு நினைவு. 1987இல் அதே தேதியில்தான் நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதமிருந்து பன்னிரண்டாம் நாள் இறந்தார். அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்ட் 4 அன்று, சுதுமலையில் திரண்ட கூட்டத்தின் முன் புலிகளின் தலைவர் பிரபாகரன் ஆயுதங்களை இந்தியாவிடம் கையளிப்பதாகச் சொல்லியிருந்தார். மறுநாள் பலாலியில் அடையாளமாகச் சில கொடுக்கப்பட்டன. அக்டோபரில் இந்தியப் படையோடு போர்.

2006இல் மக்கின்னஸ் கிளிநொச்சிக்கே போய் விடுதலைப் புலிகளின் அரசியல் பொறுப்பாளர் சு.ப. தமிழ்ச்செல்வனைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் மக்கின்னஸ் துணை முதலமைச்சர். நவம்பரில் தமிழ்ச்செல்வன் விமானக் குண்டுவீச்சில் பலி. ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தவர்களுக்கு வாய்த்தது இது. குற்றம் கொழும்பு மீது என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். 1987இல் ஒப்புக்கொண்ட மாகாண அதிகாரத்தைக்கூட முழுதாகத் தராத அரசு அது. ஆனால் நம் பக்கத்து ஜான் ஹ்யூம் எங்கே? தேர்தல் வழியில் நின்ற அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் அவர் இருந்த வீட்டிலேயே சுடப்பட்டார், சுட்டது புலிகள். நடுவில் நிற்க ஆளே வைக்காத போருக்கு முடிவு ஒரு பக்கமாகத்தான் வரும். 2009 மே 17 அன்று ‘துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்கிறோம்’ என்ற அறிவிப்பு வந்தபோது, அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ள எதிரில் யாரும் இல்லை. அழகான சொல்தான். பிந்திவிட்டது.

வெளிநாடு வேண்டாம், இந்தியாவில் காட்டு என்பவர்களுக்கு மிசோரம். அங்கும் தொடக்கம் ஒரு பேரிடர்தான். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கு அழுகியது, புணேயில் பிளேக், மிசோ மலைகளில் 1959இல் மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் களஞ்சியம் காலி. அரசு அசையவில்லை என்று பஞ்ச நிவாரணத்துக்குத் தொடங்கிய அமைப்பு, 1961இல் லால்டெங்காவின் மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. 1966 மார்ச் 1 அன்று விடுதலைப் பிரகடனம். மார்ச் 5 அன்று சொந்த நாட்டு நகரமான ஐஸ்வால்மீது இந்திய விமானப் படை குண்டு வீசியது. கிராமங்கள் எரிக்கப்பட்டு, மக்கள் சாலையோர முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இருபது ஆண்டு இப்படி.

1986 ஜூன் 30 இரவு டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உள்துறைச் செயலராக அதில் கையெழுத்திட்டவர் ஆர்.டி. பிரதான், மகாராஷ்டிர ஆட்சிப் பணியில் இருந்து வந்தவர். அன்றுதான் அவர் ஓய்வுபெறும் நாள். மிசோரம் மாநிலமானது. ஆனால் ஒப்பந்தத்தின் உயிர், தாளில் இல்லாத ஒரு செயலில் இருக்கிறது. அப்போது காங்கிரஸ் முதல்வராக இருந்த லால் தன்ஹாவ்லா, நேற்றுவரை எதிரியாக இருந்த லால்டெங்காவுக்காக நாற்காலியை விட்டு எழுந்து துணை முதல்வர் பதவிக்கு இறங்கினார். லால்டெங்கா காட்டிலிருந்து காவல் நிலையத்துக்கு வரவில்லை; தலைமைச் செயலகத்துக்கு வந்தார். பிறகு தேர்தலில் தோற்றார், வென்றவர்கள் ஆண்டார்கள். அவருடைய வலதுகையாக இருந்த சோரம்தங்கா மூன்று முறை முதல்வரானார். மிசோரமில் ஜூன் 30, ‘ரெம்னா நி’, சமாதான நாள், அரசு விடுமுறை. ஆயுதம் எடுத்த நாளைக் கொண்டாடும் ஊர்கள் எத்தனையோ உண்டு. வைத்த நாளுக்கு விடுமுறை விடும் மாநிலம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கட்சிரோலி மிசோரம் அல்ல என்பது தெரியும். மாவோயிஸ்டுகள் கேட்டது ஒரு மாநிலத்தை அல்ல, அரசையே. அவர்களுக்குத் தூக்கிக் கொடுக்க நாற்காலி கிடையாது. பழங்குடிக் கிராமங்களில் அவர்கள் செய்த கொலைகளும் கொஞ்சமல்ல. 2026 மார்ச் 31க்குள் நக்சலிசத்தை ஒழிப்போம் என்று நாள் குறித்து இறங்கிய மத்திய அரசுக்கு, இறங்கி வருகிறவரின் மானத்தைப் பற்றிக் கவலைப்படக் காரணமும் இல்லை. வென்றவர்கள்தானே. ஆனால் பூபதி வெளியே வந்த உடனேயே அவர் கட்சி அவரைத் துரோகி என்று அறிவித்தது. காலின்ஸுக்குக் கிடைத்த பட்டம். ஹ்யூமுக்குச் சொந்த ஆட்களிடமிருந்து வந்த வசவு. உள்ளே மிச்சம் இருப்பவன், வெளியே வந்தவனின் படத்தைத்தான் பார்க்கிறான். துப்பாக்கியை நீட்டும் கையும் அதை வாங்கிச் சிரிக்கும் முகமும் ஒரே சட்டகத்தில் இருக்கும் படம், உள்ளே இருப்பவனிடம் ‘வா’ என்று சொல்கிறதா, ‘உனக்கும் இதுதான்’ என்று சொல்கிறதா?

மறுவாழ்வுத் தொகை, வீடு, தொழிற்பயிற்சி எல்லாம் அரசாணையில் இருக்கின்றன, நல்லதுதான். கூடவே படத்தை விட்டுவிடலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சாட்சியாக நிற்க, எண்ணி வாங்கிப் பூட்டலாம். காட்டில் நிலத்தையும் சுரங்கத்தையும் பற்றிய புகார்களுக்குக் கிராம சபையில் பதில் சொல்லலாம். 1996இன் பெசா சட்டமும் 2006இன் வன உரிமைச் சட்டமும் அதற்கென்றே இருக்கின்றன. ‘ஆத்மசமர்ப்பண்’ என்ற சொல்லை மட்டுமாவது மாற்றலாம். இருபது ஆண்டாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் எனக்கே வேறு மராத்திச் சொற்கள் தோன்றுகின்றன. மந்திராலயத்தில் மராத்தி தெரிந்தவர்களுக்கு ஒன்றுகூடவா அகப்படாது?

அந்த அக்டோபர் 15, மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே பெயர் உள்ள நாள். அப்துல் கலாம் பிறந்தநாளை இங்கே ‘வாசன் பிரேரணா தின்’ என்று பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். பாடப்புத்தகம் அல்லாத ஒன்றை எடுத்துப் போய்ப் படிக்க வேண்டும். அன்று காலை எங்கள் மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மெல்லிய மராத்திப் புத்தகத்தோடு இறங்கினான். அட்டையில் சாபேகர் சகோதரர்கள். என்னைப் போலவே அவனும் முதல் வரியை எழுத்துக் கூட்டிக்கொண்டே போனான்.